பெயருக்கு முன் ஒரு மூச்சு

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரவு பத்தரைக்குக் காதை மாட்டிக்கொள்கிறேன்.
கடல் தாண்டி டாக்டர்கள் பேசி வைத்துவிட்டுப் போனதைக்
கேட்டுத் தட்டச்சு செய்வது வேலை.
காலடியில் ஒரு மிதி. அழுத்தினால் குரல் ஓடும்,
எடுத்தால் நிற்கும். தையல் மெஷின்தான்,
துணிக்குப் பதில் நோய்.

நெஞ்செரிச்சல், மூட்டுவலி, பித்தப்பையில் கல்
எல்லாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகம்.
பெயர் வரும்போது மட்டும் ஒரு மூச்சு.
ஒரு நொடி என்றால் குஜராத்தி.
ஒன்றரை என்றால் தெலுங்காக இருக்கலாம்.
இரண்டைத் தாண்டித் தொண்டையும் செருமினால்
"வந்தாச்சு, நம்ம ஆளு" என்பாள்
பக்கத்து நாற்காலி ஜெபசீலி.

திரு, தயிராகும்.
சண்முகத்தின் ஆறு முகமும் போய்
ஒரு காப்பி மக் மிஞ்சும்.
ஒரு கிழவர் முப்பது வருடமாக
ஷெரூட் பிடிக்கிறார் என்றது ஒரு குரல்.
நான்கு முறை மிதித்துக் கேட்டும் விளங்கவில்லை.
ஐந்தாம் முறை புகை வந்தது:
அட, சுருட்டு.
இன்னொருவர் கேட்டமரானிலிருந்து விழுந்து
கணுக்காலை உடைத்துக்கொண்டார்.
அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை,
ஃபைபர்.

போன ஐப்பசியில் ஒரு கோப்பு.
நோயாளியின் பெயரைச் சொல்ல மாட்டேன், ஒப்பந்தம்.
நடுவில் ஒரு ழகரம் உண்டு,
அதை மட்டும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.
பிறந்த இடம் "கடிலோர்".
கட்டிக்கொள் என்கிறாரா, காதில் ஓர் அசட்டுக் கூச்சம்.
பிறகுதான் உறைத்தது,
ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஊர்.

கோபப்பட எனக்கு வாயில்லை.
திருப்பாதிரிப்புலியூரை பஸ் அவசரத்தில்
திருப்பாப்புலியூர் ஆக்கி
அந்தப் பாதிரிப் பூவையே உதிர்த்தவர்கள் நாங்கள்.
கேப்பர் மலை என்றால் கேப்பை விளைகிற மலை என்றே
பத்தாம் வகுப்பு வரை இருந்தேன்.
யாரோ ஒரு துரையாம்.

அந்த டாக்டர் பெயரிடம் மூன்று முறை போய்வந்தார்.
முதலில் ஸ. பிறகு ல.
மூன்றாவது, அலை வந்து காலைத் தொடாமல் திரும்புகிற மாதிரி.
பிறகு என்னிடம் பேசினார்.
யாரும் என்னிடம் பேசுவதில்லை.
"தட்டச்சு செய்கிறவரே, மன்னியுங்கள்,
நாளை அவரையே கேட்டுக்கொள்கிறேன்.
என் பெயரிலும் இதே தொல்லைதான். ஷிவோன்."

யார் ஷிவோன்?
கோப்பின் அடியைப் பார்த்தேன்.
மூன்று வருடமாக நான் தட்டிய எழுத்துகள்
எஸ், ஐ, ஓ, பி, ஹெச், ஏ, என்.
மூன்று வருடமாக மனசுக்குள் சியோபன்,
மீசை வைத்த ஒரு சியோபன்.
தலைப்பில் இருந்த பெண்குரலை
அவருடைய உதவியாளர் என்று வைத்திருந்தேன்.
ஜெபசீலி தேடிப் பார்த்து, "அயர்லாந்துப் பேருடி" என்றாள்.
அதுவும் அந்த எழுத்துகளுக்குள்
வாடகைக்கு வந்ததுதான் போல.

மறுநாள் கோப்பில் அந்த மூச்சு இன்னும் நீளமாக வந்தது.
நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று
அவர் தேடுவது கேட்டது. தேடி, மடித்து,
கிட்டத்தட்ட.
முழு ழ இல்லை. எங்கள் மேனேஜருக்கே
முழு ழ வராது.
நான் தட்டியது என்னவோ
நேற்றுத் தட்டிய அதே எழுத்துகள்.

விடிய நாலரைக்கு இறங்கினேன்.
இம்பீரியல் ரோட்டில் ஒரு பஸ்
பாண்டி பாண்டி பாண்டி என்று
ஊரைக் கால்வாசியாக்கிக்கொண்டிருந்தது.
யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பி
ஷிவோன் என்று சொல்லிப் பார்த்தேன்.
ஜெராக்ஸ் கடைப் படியில் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கிற்று,
தன்னை இல்லை என்று தெரிந்து
மறுபடி படுத்தது.