எட்டு மணிக்குக் கிளம்பலாம்

சமையல் மேசைமேல் கொலராடோவை விரித்திருக்கிறேன்.
டென்வர்மேல் உப்புக் குடுவை,
டுராங்கோமேல் உன் மாத்திரை டப்பா.
எடுத்தால் சுருண்டுகொள்ளும்,
உன் டாங்கரின் டாஷ்போர்டில்
பதினோரு வருடம் கிடந்த பழக்கம்.

ஜூன் இரண்டாவது வாரம், என்கிறேன்.
பனி இறங்கியிருக்கும், கூட்டம் ஏறியிருக்காது.
பக்கத்து வீட்டு ஹாலிஸ் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுவான்.
வரும் வழியில் பாலிசேடில் பீச் பழுத்திருக்காது,
போகட்டும், செர்ரி இருக்கும்.
வானொலியில் வானிலை கேட்பதுபோல்
தலையாட்டுகிறாய்.

என் நீலப் பென்சில்
யூரேயிலிருந்து சில்வர்ட்டனுக்கு ஏறுகிறது.
இங்கே அருவி. இங்கே மூடிப்போன வெள்ளிச் சுரங்கம்.
இந்தக் கொண்டை ஊசி வளைவில் நின்றால்
சிவப்பு மலை மூன்றும் தெரியுமாம்,
மாண்ட்ரோஸ் பெட்ரோல் பங்கில் ஒரு பெண் சொன்னாள்.
நீ என் தோளுக்கு மேல் குனிந்து
வேறொரு வரைபடம் வாசிக்கிறாய்:
இது மூன்றாவது கியர்.
இது பிரேக் கருகி நாறும் இடம்.
இங்கே ஒரு தடவை எல்க் கூட்டம் குறுக்கே வந்தது,
விளக்கில் வெறும் கண்கள்தான், லொரீன்,
நாற்பது ஐம்பது,
ஒன்றுக்கும் உடம்பே இல்லை.

விரல் லவ்லேண்ட் கணவாயில் வந்து நிற்கிறது.
பெட்ரோல் சுமக்கும் வண்டியைச் சுரங்கப்பாதையில் விடமாட்டார்கள்.
ஊரெல்லாம் மலையின் வயிற்றுக்குள் நுழைந்து போக
நீ மட்டும் அதன் உச்சந்தலையில் ஏறி இறங்கினாய்,
வாரத்தில் நான்கு இரவு, இருபத்துமூன்று வருடம்.

மேலே எப்படி இருக்கும், டெல்மர்?

இருட்டாக இருக்கும்.

கேலி என்று நினைத்து நிமிர்ந்தேன்.
இல்லை.

நீயும் ஓர் இடம் சொல்லேன், என்றேன்.
வெகுநேரம் யோசித்துவிட்டு
மேற்குச் சரிவில் ஒரு கோட்டைத் தொட்டாய்.
பிரேக் போன லாரிகளுக்காக
ஜல்லி கொட்டி வைத்திருக்கும் மேட்டுப் பாதை.
இதில் பார்க்க என்ன இருக்கிறது?
ஒன்றுமில்லை, என்றாய்.
ஒரு தடவை அதில் ஏறி நின்றேன்.
நிதானமாகப் பார்த்ததில்லை.

எப்போது என்று நான் கேட்கவில்லை.
பிப்ரவரி. ஒரு செவ்வாய்க்கிழமை.
இரவு ஒன்றரைக்கு ஃபோன் அடித்தது,
"கொஞ்சம் தாமதமாகும், நீ படுத்துக்கொள்."
நான் படுத்துக்கொண்டேன்.
தூங்கியும்விட்டேன்.
அதைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்,
நான் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் என்று.

அருவிக்குப் போட்ட அதே நட்சத்திரத்தை
ஜல்லி மேட்டுக்கும் போடுகிறேன்.

மார்ச்சில் கண் டாக்டர் சொன்னதை
இருவரும் மேசைக்குக் கொண்டுவரவில்லை.
உன் பார்வையின் நடுவில் ஒரு கறை.
நேராகப் பார்த்தால் என் முகம் இல்லை,
சற்றே விலகிப் பார்த்தால் உண்டு.
எனவே இப்போதெல்லாம் என்னைக் கடைக்கண்ணால்தான் பார்க்கிறாய்,
நம் கல்யாணத்துக்கு முந்திய வருடத்தைப்போல.
மலைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும்,
அவற்றுக்குத் தெரியாமல் பார்ப்பதுபோல.

ஓட்டப்போவது நான்.
ஓரத்தில் தடுப்பே இல்லாத அந்தச் சாலையில்
பள்ளத்தின் பக்கம் நீ உட்காருவாய்.
கியர் மாற்ற எங்கே, எங்கே என்று
நம் காரில் கியரே இல்லாவிட்டாலும்
சொல்லிக்கொண்டே வரப்போகிறாய்.

இரண்டு மணிக்குக் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும், என்கிறாய்.
விடியற்காலை இரண்டா?
பின்னே?

பென்சிலை நாக்கில் தொட்டு
வரைபடத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்: காலை எட்டு.

எட்டுக்கா, என்கிறாய்,
வெயில் நேரே கண்ணில் அடிக்குமே.

அடிக்கட்டும்.