ஆறு தோட்டா

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து
சுங்கை ஆரா பிளாட்டுக்கு வந்ததும்
வெயில் நுழையாமல் ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு
அந்த ஆஸ்பத்திரிக்குள் போகிறேன்.
ஆறு தோட்டா. அரைச் சுருள் பேண்டேஜ்.
வரைபடத்தில் பாதி கிழிசல்.

சத்தம் அமைத்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.
மேல்மாடியில் எங்கோ
தள்ளுவண்டியின் ஒரே ஒரு சக்கரம் கீச்சிடும்;
ஹெட்போனைக் கழற்றி
எங்கள் சமையலறையை ஒரு தடவை
எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆனால் அந்த முகமில்லாத தாதி
கதவு நிலையில் தோள் சிக்கி
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறாள்.
முதல் தடவை சிரித்தேன்.
ராத்திரி முழுக்க சிப்பில் விரிசல் தேடும் கண் எனக்கு.
இதை யார் பாஸ் பண்ணி அனுப்பியது?

கடைசி மூன்று மணி நேரம் இன்னும் மோசம்.
இயந்திரத் துப்பாக்கியைக் கையில் திணித்துவிடுகிறார்கள்.
சம்பள நாள்போல வாரி இறைத்தேன்,
யாரைச் சுட்டேன் என்று ஒன்றும் ஞாபகமில்லை.
மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

புது அப்டேட்டில்
தாதியைச் சரிசெய்துவிட்டார்களாம்,
யுகேஸ்வரி மைலோ கலக்கிக்கொண்டே சொன்னாள்.
நான் போடவில்லை.
அவளுக்கும் இரவு ஷிஃப்ட்தானே,
அங்கேயே நடக்கட்டும்.
வெளியே வந்தால் சுட வேண்டிவரும்.
இருப்பதே ஆறு.