இறங்கு வரிசை

மன்னார்குடி அலுவலகத்தில் மணி ஒன்பதேகால்.
நாளைக் கூட்டத்துக்கு
ஊர்வாரியாக இரண்டு எண்ணிக்கை வேண்டும்:
வந்த மூட்டை, நனைந்த மூட்டை.

இரண்டு அட்டவணையையும் நேராக இணைத்தேன்.
நாற்பது வந்து எட்டு நனைந்த ஊருக்கு
முந்நூற்றிருபது வந்ததாம்,
முந்நூற்றிருபதும் நனைந்ததாம்.
அவ்வளவு மழை பெய்யவில்லை, மகராசி.
ஒவ்வொரு மூட்டையும்
ஒவ்வோர் ஈர மூட்டையோடும் கைகோத்துப்
பெருகிக் கிடந்தது.

பிரித்தேன்.
தனித்தனியே எண்ணி
ஊருக்கு ஒரு வரியாக மடித்து
அப்புறம்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
கணக்கு படிந்தது.

ஆனால் ஊர் நூற்றுப் பதினெட்டு,
வரி நூற்றுப் பதினேழு.
விரல் வைத்துத் தேடினால்
கீழக்கரம்பையைக் காணோம்.
கடைமடை. இந்தப் போகம் தண்ணீர் எட்டவில்லை.
வராத மூட்டைக்கு
கொள்முதல் கணக்கில் வரி கிடையாது.

ஊர்ப்பட்டியலை இடப்பக்கம் நிறுத்தி
மறுபடி இணைத்தேன்.
பெரியது முதலில் வரட்டும் என்றேன்.

முதல் வரியில் கீழக்கரம்பை!
எதிரே ஒன்றுமில்லை, பூஜ்யம்கூட.
அதற்குக் கீழேதான்
ஆயிரம் ஆயிரமாய் ஆற்றங்கரை ஊர்கள்.

இந்த மென்பொருளுக்கு வெற்றிடம்
எந்த எண்ணையும்விடப் பெரிது.
தெரிந்ததுதான். ஒரு சொல் சேர்த்தால் போதும்,
காலியிடம் பூஜ்யமாகி
மூன்றாம் தாளின் அடிக்குப் போய்விடும்,
வாய்க்கால் போகிற அதே வழியில்.

இனாயத்துல்லா சார் வாட்ஸப்பில் கேட்டார்:
'முடிஞ்சுதாம்மா?'

கடைசி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்.
முடிஞ்சுது சார் என்று அடித்துவிட்டு
அச்சுக்குக் கொடுத்தேன்.
முதல் தாள் சூடாக வெளியே வந்தது,
உச்சியில் ஓர் ஊர்ப்பெயர் மட்டும்.