மூடுபனி: ஆஃப்

முப்பத்தாறாயிரத்து நானூறு என்கிறான் செலஸ்டின்
காந்திபுரத்துக் கடையிலிருந்து.
ஒண்ணுதான் மிச்சம்ணா, சாயங்காலத்துக்குள்ள சொல்லு.

கேத்தியில் கேரட் ஏற்றி
மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கினால்
டீசல், ஆல்துரையின் கூலி, வழியில் யார் யாருக்கோ டீ,
எல்லாம் போக என் கையில் நிற்பது ஆயிரத்து நானூறு.
ஆக இருபத்தாறு நடை.
நடைக்குப் பதினாலு கொண்டை ஊசி.
முந்நூற்று அறுபத்து நாலு வளைவு ஒடித்தால்
(ஏறி வருவதைச் சேர்க்கவில்லை)
ஒரு கிராஃபிக்ஸ் கார்டு.

இப்போது இருப்பது நொடிக்கு இருபத்தேழு ஃப்ரேம் தருகிறது.
புதுசு அறுபது தருமாம்.
கூடுதல் முப்பத்து மூன்று.
ஃப்ரேம் ஒன்றுக்குப் பதினோரு வளைவு.
எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் நான்.
இந்தக் கணக்கு மட்டும்
ஸ்டியரிங் பிடித்தபடியே வருகிறது.

நான் ஆடுவதும் லாரி ஓட்டுகிற ஆட்டம்தான்.
முதல் நாள் பார்த்த கௌசி
"பகலெல்லாம் ஓட்டினது போதலையா" என்று
காதோடு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.
என்ன சொல்ல?
அங்கே டயர் தேயாது.
மண்டியில் விலை விழுந்தாலும்
எனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

பழைய கார்டு இழுக்கட்டும் என்று
ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
நிழல்.
தண்ணீரில் தெரியும் வானம்.
புல்லின் அசைவு.
கடைசியாக மூடுபனி.
அதை அணைக்கையில் மட்டும் வருத்தமே இல்லை,
சனியன் ஒழிந்தது என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒழிந்த பிறகுதான் தெரிந்தது
மலையை அவர்கள் கட்டி முடிக்கவே இல்லை.
மூன்றாம் வளைவுக்கு அப்பால்
பிரெட் துண்டு போல வெட்டுப்பட்டு நிற்கிறது சாலை.
வேரில்லாத நாலு பைன் மரங்கள்
வெறும் சாம்பல் நிறத்தில் மிதக்கின்றன.
மறைக்கத்தான் வைத்திருக்கிறான்கள் பனியை.

புதுசுல மிஸ்டு அப்படியே நிஜம்ணா,
ஹெட்லைட் அதுல கரையறதுகூடத் தெரியும்
என்கிறான் செலஸ்டின்.
கௌசியிடம் அதையே சொன்னேன்.
அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.
மானிட்டர் வியர்த்தது.

சனிக்கிழமை கார்டைக் கழற்றினேன்.
காற்றாடி இதழ்களில் செம்பழுப்பாய்ப் பஞ்சு.
முகர்ந்தால், டீ.
சலிக்கிற அறையிலிருந்து
சேலையிலும் முடியிலும் அவள் கொண்டுவந்தது
மூன்று வருடமாய் இதற்குள் சேர்ந்திருக்கிறது.
சூடேறினால் அறையில் ஒரு வாசம் வருமே,
கார்டு கருகுகிறதென்று பயந்தேனே,
அது இதுதானா.

இன்றைக்கு பர்லியாறுக்கு மேலே மிஸ்டு இறங்கிவிட்டது.
பம்பர் வரைக்கும்தான் உலகம்.
ஆல்துரை இறங்கி
போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
வெள்ளைக்கோட்டைக் காலால் தேடித் தேடி முன்னால் நடந்தான்.
பின்னால் கேரட் மூட்டைகள் முனகின.
ஒரு கணம் எனக்கு உள்ளங்கை சில்லிட்டது:
இதற்கு அப்பால் கட்டி வைத்திருக்கிறார்களா?

கல்லாறு வந்ததும் திறந்துகொண்டது.
பாக்குத்தோப்பு. மரம் மரமாய்ப் பார்த்தேன்.
ஒன்றுகூட மிதக்கவில்லை.

சிக்னலும் வந்தது.
மூன்று முறை கேட்டிருந்தான் செலஸ்டின்.
காற்றாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று எழுதினேன்.
வெகுநேரம் கழித்து, கோபமாய்,
"650".

ராத்திரி மூடுபனியை ஆன் செய்தேன்.
பத்தொன்பது ஃப்ரேம்.
லாரி விக்குகிறது, நிற்கிறது, மறுபடி விக்குகிறது.
வளைவுக்கு வெகுமுன்னாலேயே
இரண்டாம் கியருக்கு இறங்கினேன்.
ஆல்துரை இல்லாத சாலையில்
ஹாரன் அடித்துக்கொண்டே உருட்டினேன்.

"யாருக்கு அடிக்கிறே?"
என்றாள் கௌசி, போர்வைக்குள்ளிருந்து.