நிகர எடை

பாவூர்சத்திரம் தாண்டி, ஆலங்குளம் ரோட்டில்
அறுபது டன் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு மின்கெட்டில்.
லோடோடு ஒரு தடவை, காலியாய் ஒரு தடவை.
கழித்தால் நிகர எடை.
ஒன்பது வருஷமாய் எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்:
"சுகர் எல்லையில நிக்கி. எட்டு கிலோ கொறைங்க."
ஒரு தாளும் தந்தார்கள்.
ஏழரைக்கு முளைகட்டிய பயறு.
பதினொன்றுக்கு மோர்.
ஒன்றரைக்குச் சோறு ஒரு கப், கூட்டு இரண்டு கப்.
எழுதினவருக்குத் தெரியாது
ஒன்றரைக்குத்தான் இங்கே
மார்க்கெட் வண்டி வரிசை கட்டும் என்று.

என் காலை, பாக்கெட் மாவில் இரண்டு தோசை,
நின்றபடி, மறுகையில் சீப்பு.
என் மதியம், கப் நூடுல்ஸ்.
மூன்று நிமிஷம் என்று மூடியில் போட்டிருக்கும்,
இரண்டாவது நிமிஷத்தில் ஹாரன் அடிக்கும்.
நாலரைக்கு க்ரீம் பிஸ்கட்.
ஏழு மணிக்கு எதிர்க்கடையில்
சால்னா கொதிக்கிற வாசம்
கண்ணாடியைக் கேட்டுக்கொண்டா உள்ளே வரும்?

அந்தக் கப்பில் காரட் உண்டு.
காய்ந்து, நகம் வெட்டிப் போட்ட அளவில்
மூன்றோ நாலோ.
அதை நான் முள்கரண்டியால் தேடுகிற நேரம்
எதிரே மேடையில் நிற்கும்
நாலு டன் வெண்டைக்காய்.
கேரளாவுக்கு.

தாளின்படி நாலு நாள் இருந்தேன்.
சித்திரை வெயில், தகரக் கூரை.
பத்து மணிக்கே டப்பாவுக்குள் பயறு புளித்து நுரைத்தது.
ஐந்தாம் நாள்
நாலு பரோட்டா, அதற்கு மேல் ஒரு ஆம்லெட்.
அன்றைக்கு ராத்திரி, வண்டி ஓய்ந்த நேரம்,
இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய்: 90.

பத்துப் பத்தாய்த்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
எண்பத்தைந்துக்கு மேல் போனால் தொண்ணூறு,
உள்ளே அடங்கினால் எண்பது.
எண்பத்தாறுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும்
ஒரே மரியாதை.
"ஏளா ஜெபக்கனி, லாரியிலயே அஞ்சு கிலோவ
அது கண்டுக்கிடாது,
ஒன்னையா கண்டுக்கிடப் போகுது?"
முதலாளி தங்கப்பழம் சிரித்தார்.
அவர் வயிறு மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மேடையில் சிந்தினதைக் கூட்டுவதும் என் வேலை.
லாரி ஏறி இறங்குகிற குலுக்கலில்
கைப்பிடி அவரை, ஒரு சின்னக் கத்தரி,
பாதி மிதிபட்ட முள்ளங்கி.
ஒன்பது வருஷமாய்க் குப்பைக்குப் போனது.
ஒரு நாள், ஏனென்று தெரியவில்லை,
குனிந்து பொறுக்கிக் குழாயடியில் கழுவினேன்.

கெட்டிலில் முட்டை முதலில்.
அதே தண்ணீரில் காய்.
அப்புறம் நூடுல்ஸ், பாதி.
மசாலாப் பொட்டலமும் பாதி.
மிஞ்சின பாதிகளை வாய் மடித்து
டிராயரில் போட்டு வைக்கிறேன்,
பதினேழு சேர்ந்திருக்கிறது,
எதற்கென்று கேட்காதீர்கள்.
பாக்கெட் மாவை விடவில்லை,
முருங்கைக்கீரை உருவிப் போட்டால்
அதுவும் ஒன்றும் சொல்வதில்லை.
சனிக்கிழமை பரோட்டா நாலு இரண்டானது.
சால்னா குறையவில்லை.
அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பிஸ்கட்டுக்கு இன்னும் வழி தெரியவில்லை.
நாலரை மணி வந்தால்
கை தன்பாட்டுக்குப் போகிறது.
சில நாள் ஒரு வெள்ளரிப் பிஞ்சு
குறுக்கே வந்து காப்பாற்றும்,
மாடக்கண்ணு வண்டி வந்தால்.

பதினோரு வாரம்.
நேற்று மறுபடி ஏறி நின்றேன்,
செருப்பைக் கழற்றி,
சாவிக்கொத்தைக்கூட ஓரமாய் வைத்துவிட்டு.
90.
மூச்சை விட்டேன். 80.
காற்று ஒரு வீசு வீசியது. 90.
80. 90.
பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன்,
அதற்கும் முடிவெடுக்க முடியவில்லை.

பின்னால் ஒரு தக்காளி லாரி
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது.
"எக்கா, எறங்குதியளா? நான் ஏறணும்."

இறங்கினேன்.
லோடு எடை பதினோராயிரத்து நானூற்றிருபது.
சீட்டு வெளியே வருவதற்குள்
கெட்டில் தானே நின்றுவிட்டது.
முட்டையை உரித்தேன்.
உள்ளே இன்னும் கொஞ்சம் வேக வேண்டியிருந்தது.