உயவு

ஐந்து கிராம் பொட்டலம்.
ஓரத்தைக் கிழித்தால்
நிறம் இல்லை, வாசம் இல்லை.
கையுறையைத் தாண்டி வருகிற
ஒரு குளிர் மட்டும்.

நோயாளிகளுக்குத் தரும் கைத்தாளில்
மலாயில் பெலின்சிர் என்று இருக்கிறது.
சீனத்தில் மூன்று எழுத்து.
தமிழுக்கு விட்ட இடம் காலி.
"தேவமணி, நீ எழுதிடு.
வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது"
என்று சிஸ்டர் நோர்ஹாயாத்தி
பேனாவையும் சேர்த்தே நீட்டினார்.

எழுதினேன்.
கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும்.
குழாயின் நுனியிலிருந்து நான்கு விரற்கடை
வழுக்கும் களிம்பு தடவவும்.
தேங்காய் எண்ணெய், வாசலின்
கண்டிப்பாகக் கூடாது.

முதல் வாசகர்
பதினோராம் கட்டில் தணிகாசலம்.
லாரிக்காரர். வயது நாற்பத்தொன்று.
பிறையில் ஒரு கிடங்கு வாசலில்
டின் ஒழுகிப் பாமாயில் படர்ந்த சிமெண்டில்
கால் வைத்தவர்.
விழ ஒரு நொடி.
எழ ஏழு வாரம்.
கால்கள் மெல்லத் திரும்பி வந்தன.
மூத்திரப்பை வரவில்லை.
நிரம்பினால் சொல்லாது,
முக்கினாலும் திறக்காது.
இனி தினம் நான்கு வேளை
அவரே விட்டு
அவரே எடுக்க வேண்டும் குழாயை.

தாளில் ஒரு சொல்லின்மேல்
விரலை வைத்து நிறுத்தினார்.
"மிஸ்ஸி, வழுக்குறது வேணாம்.
அதாலதான் இங்க கிடக்கேன்."
ஜெல்லின்னு போடவா?
"ரொட்டிக்கு மகன் தடவுறானே, அதுவா?"
கிரீஸ்?
ஏழு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.
"லாரிக்கே நான் கம்மியாதான் போடுவேன்.
சூசாதான் லா ஒங்க பாடு."

இரவு மூன்று மணி.
ஜன்னலுக்கு வெளியே ஜார்ஜ்டவுன்
ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.
கைப்பேசி அகராதியில் அகப்பட்டது:
உயவுநெய். வண்டியின் அச்சுக்கு இடுவது.
அப்பாடா என்று குறித்துக்கொள்ளப் போனேன்.
கொஞ்சம் மேலே
வெறும் உயவு என்று ஒன்று.
அதற்குப் பொருள்:
வருத்தம்.

தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று
மறுபடி தட்டினேன்.
வருத்தம்தான்.

நோவதும் நோகாமல் இருக்க இடுவதும்
எப்படி ஒரே சொல்லில் குடியிருக்கின்றன?
எந்த மேட்டில் எந்தச் சகடம்
கிறீச்சிட்டு நின்றபோது
ஒன்று மற்றொன்றானது?
கேட்க ஆளில்லை.
எட்டாம் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

இருபத்து மூன்று வருடம்.
வார்டு நிரம்பி வழிந்த இரவுகளில்
பொட்டலம் கிழிக்கவும் பொழுதில்லாமல்
நுனியில் பட்டும் படாமல் தொட்டுக்கொண்டு
"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றிருக்கிறேன்.
களிம்புக்குப் பதில்
பலருக்கு நான் பூசியது
அந்த மூன்று சொல்லைத்தான்.
ஒரு சீனக் கிழவர்,
மொழி புரியாதவர்,
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
விலக்கிவிட்டுத் தொடர்ந்தேன்.
எழுதும் நேரத்தில்தான் வருகிறது
அவருடைய பிடி.

கைத்தாளில் ஒரு வரி கூட்டினேன்.
மலாயில் இல்லாதது, சீனத்தில் இல்லாதது:
அவசரப்பட வேண்டாம்.

"உயவுக் களிம்பு" என்று
தணிகாசலம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"இந்த வார்த்தை எனக்குத் தெரியாது மிஸ்ஸி."
மாத்திடவா?
"இருக்கட்டும்.
தெரியாததால பயமில்ல."

பச்சைத் திரையை இழுத்துவிட்டு
இந்தப் பக்கம் நின்றேன்.
பொட்டலம் கிழிந்தது.
பிறகு சத்தமே இல்லை.
நான் உள்ளே போகக் கூடாது.
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
சீருடைப் பையில் விட்டுக்கொண்டேன்.

எவர்சில்வர் பாத்திரத்தில்
முதலில் சொட்டு,
பின் ஒரே சீராக.

"முந்நூத்தி எண்பது" என்றார்,
மீட்டர் படிக்கிற குரலில்.
பதிவேட்டில் எழுதினேன்.

"மிஸ்ஸி, பாதி மிச்சம் இருக்கு.
சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கவா?"
வைக்கக் கூடாது.
எறிஞ்சிடுங்க.