உப்பில்லாப் பத்தியம்

காராகோடாவைத் தாண்டினால் சாலை இல்லை.
முந்தைய ஜீப் போன தடம்தான் சாலை.
மார்ச் மாத ரண் வெளியில்
நீரென்று தெரிவதெல்லாம் நீரில்லை.

ஜீவுபென் காலை நீட்டினாள்.
கணுக்கால் எலும்பைத் தேட வேண்டியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது, எழவில்லை,
ஈரப் பாத்தியில் மிதித்த தடம்போல.

விட்டதும் எழுந்தால் வாதம்,
அப்படியே கிடந்தால் கபம்.
ஜாம்நகரில் நெட்டுருப் போட்டது.
அடுத்த கேள்வியும் அங்கே படித்ததே:
வீக்கம் பகலில் கூடுமா, இரவிலா?

"பகலில் பார்க்க நேரமில்லை.
இரவில் பார்க்க விளக்கில்லை."

வாலாபாய் பம்பை நிறுத்திவிட்டு வந்து நின்றார்,
சீக்கிரம் முடியுங்கள் என்கிற முகத்தோடு.

எழுதினேன்.
சாட்டோடி வேர்க் கஷாயம், இருவேளை.
சுக்கும் தேவதாருவும் அரைத்து வெதுவெதுப்பாய்ப் பற்று.
இரவில் கால் தலையைவிட உயரத்தில்.
பிறகு பேனா கொஞ்சம் தயங்கியது:
உப்பிய காலுக்கு உப்பு ஆகாது.

அவள் சிரிக்கவில்லை.
சந்தையில் விலை கேட்பதுபோல் கேட்டாள்:
ரொட்லாவில் போடுவதா,
லாரித் தண்ணீரில் வருவதா,
காற்று கொண்டுவந்து உதட்டில் வைப்பதா,
எதை விடட்டும்?

அவள் முதுகுக்குப் பின்னால்
ஆறு மாத உழைப்பு
அடிவானம் வரை வெள்ளையாய்க் கிடந்தது.

"முடியவே இல்லையென்றால் இந்துப்பு. ஒரு சிட்டிகை.
உப்புகளில் அதுதான் உயர்ந்தது."
"அப்போது இது?"
நூலில் அதற்கும் ஓர் இடம் உண்டு, கீழே.
சொல்லவில்லை.
"பொட்டலம் என்ன விலை?"
அதைச் சொன்னேன்.
அவள் வாலாபாயைப் பார்த்தாள்.
அவர் பாத்தியைப் பார்த்தார்.
கிலோவுக்கு முப்பது பைசா தருகிறவன்
மே மாதம்தான் வருவான்.

இருபது நாள் கழித்துப் போனேன்.
எலும்பு திரும்பி வந்திருந்தது, இரண்டு கணுக்காலிலும்.
எந்த உப்பும் போடவில்லையாம்.
"முதல் வாரம் ரொட்லா மண்.
அப்புறம் ஒருநாள் கம்பு ருசித்தது.
நாற்பது வருஷமாய்த் தின்கிறேன்,
கம்புக்கு ருசி இருப்பது தெரியாது."

குடிசை மூலையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்தாள்.
யாரோ இலவசமாகத் தந்தது.
இரண்டு வருடமாய்க் கால் நுழையாமல்
அதில் பூண்டு போட்டு வைத்திருந்தாள்.
தட்டிக் கவிழ்த்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாய் மாட்டி
எழுந்து நின்று காட்டினாள்.
சரியாக இருந்தது.

ஜீப்பில் ஏறிப் பதிவேட்டைத் திறந்தேன்.
'வீக்கம் வடிந்தது' என்று எழுதித்
தலை நிமிர்ந்தபோது
பலகைச் சீப்பைத் தோளில் சாய்த்தபடி
உப்புநீரில்
பாதிப் பாத்தி கடந்திருந்தாள்.